பாங்கிமே: ஊரெல்லாம் சொந்தம், மொழி மட்டும் தனி

டோகான்னு சொன்னதும் பாதிப் பேருக்கு சிரியஸ் நட்சத்திரம்தான் ஞாபகம் வரும். மேற்கு ஆப்பிரிக்காவுல மாலி நாட்டுல ஒரு மலைக்குடி இருக்கு, டெலஸ்கோப்பே இல்லாம சிரியஸுக்குப் பக்கத்துல கண்ணுக்குத் தெரியாத இன்னொரு நட்சத்திரம் இருக்குன்னு அவங்க தெரிஞ்சு வெச்சிருந்தாங்க, வேற்றுகிரகத்துக்காரங்க வந்து சொல்லிக் கொடுத்துட்டுப் போனாங்க... இப்படி ஒரு ஃபார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கலாம்.

இந்தப் பதிவு அதைப் பத்தினது இல்லை. ஆனா அந்தக் கதையைத் தாண்டாம நான் சொல்ல வர்ற இடத்துக்குப் போக முடியாது. அதனால சுருக்கமா பார்த்துடுவோம்.

மார்செல் க்ரியோல் என்ற பிரெஞ்சு மானுடவியலாளர் 1931-ல் டக்கார்-ஜிபூட்டி ஆய்வுக்குழுவோடு டோகான் நாட்டுக்குப் போனார். 1946-ல் ஓகோதெம்மேலி என்ற கண்பார்வை இழந்த பெரியவர் முப்பத்து மூணு நாள் அவருக்கு டோகான் தத்துவத்தைச் சொல்ல, 1948-ல் அது புத்தகமாச்சு. 1950-ல் க்ரியோலும் ஜெர்மேன் தியெத்தெர்லெனும் சேர்ந்து சிரியஸ் கட்டுரையை வெளியிட்டாங்க. 1976-ல் ராபர்ட் டெம்பிள் அதை எடுத்து வேற்றுகிரகக் கதை ஆக்கிட்டார். 1991-ல் வால்டர் வான் பேக் என்ற டச்சு மானுடவியலாளர், அதே மக்களோட வருஷக்கணக்கா பழகின பிறகு, க்ரியோல் எழுதின அந்தச் சிரியஸ் ஞானம் பொது ஜனங்க யாருக்கும் தெரியலைன்னு எழுதினார். மானுடவியல்ல அது பெரிய சண்டையாவே ஆச்சு.

எனக்கு இதுல முக்கியமா படுற விஷயம் வேற. உலகத்துக்குத் தெரிஞ்ச 'டோகான்' சித்திரத்துல பெரும்பகுதி சங்கா என்ற ஒரே ஊர்க்கொத்துலேர்ந்து வந்தது. ஒரே ஒரு கிளையண்டுகிட்ட பேசிட்டு மொத்த ரெக்வயர்மெண்ட் டாகுமெண்டையும் எழுதின மாதிரி. அந்த டாகுமெண்டுல இல்லாத ஒரு பள்ளத்தாக்கு இருக்கு. நான் எழுத வந்தது அதைப் பத்தித்தான்.

முதல்ல இடம். மாலியோட நடுப்பகுதியில பாண்டியகரா என்ற செங்குத்துப் பாறைத்தொடர், சுமார் 150 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவர் மாதிரி நிக்குது. (பாண்டியருக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. யாரும் ஆரம்பிச்சுடாதீங்க :-)) மேலே பீடபூமி, கீழே மணல் சமவெளி, நடுவுல பாறையை ஒட்டிக்கிட்டு மண்வீடுகள். 1989-லேர்ந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கிற இடம். பாறைக் குகைகள்ல டோகான்களுக்கு முன்னாடி இருந்தவங்க விட்டுப்போன களஞ்சியங்களும் கல்லறைகளும் இருக்கு. அவங்களை டோகான்கள் 'தெல்லெம்'னு சொல்றாங்க. 1960-கள்லேர்ந்து டச்சு தொல்லியலாளர்கள் தோண்டிப் பார்த்ததுல தெல்லெம் காலம் சுமாரா 11-ம் நூற்றாண்டுலேர்ந்து 16-ம் நூற்றாண்டு வரைன்னு வந்தது. அதுக்கும் முன்னாடி, கி.மு. 3-2 நூற்றாண்டுகள்லேயே அந்தக் குகைகள்ல தானியம் சேமிச்சவங்க இருந்திருக்காங்க. அதாவது அந்தப் பாறையில ஒருத்தர் மாத்தி ஒருத்தர் குடியிருந்துக்கிட்டே வந்திருக்காங்க.

அடுத்தது மொழி. டோகான்னு ஒரு மொழி கிடையாது. சுமார் இருபது மொழிகள் இருக்கு, பலதும் ஒண்ணுக்கொண்ணு புரியாது. தோரோ சோ, தொம்மோ சோ, ஜம்சாய், நஜம்பா, தீரநிகே, மோம்போ... இப்படிப் போகுது பட்டியல். மாலி அரசாங்கம் 13 தேசிய மொழிகள்ல ஒண்ணா ஏத்துக்கிட்ட 'டோகான்' அதுல தோரோ சோ மட்டும்தான். இந்த மொழிகளை ஆப்பிரிக்காவோட பெரிய நைஜர்-காங்கோ குடும்பத்துல எங்க வைக்கிறதுங்கிறதே தீராத தலைவலி. 1963-ல் ஜோசப் க்ரீன்பெர்க் இதை குர் கிளையில வெச்சார். அப்புறம் வந்தவங்க, இது குர் இல்ல, தனிக் கிளைன்னு எடுத்து வெளியே வெச்சாங்க. நைஜர்-காங்கோ மொழிகளோட அடையாளமா சொல்லப்படுற பெயர்ச்சொல் வகுப்பு முறை இதுல சும்மா தடம் மாதிரிதான் இருக்கு. வினைச்சொல் வாக்கியத்தோட கடைசியில வருது, விகுதி மேல விகுதி ஒட்டுது. ஆனா குடும்பத்துல எங்க உக்கார வைக்கிறதுன்னு சண்டை இருந்தாலும், இருபதும் அக்கா தங்கச்சிதான்கிறதுல சந்தேகம் இல்லை.

அந்த இருபதோட இருபத்தி ஒண்ணா ரொம்ப நாள் கணக்குல இருந்ததுதான் பாங்கிமே.

பீடபூமியோட மேற்கு ஓரத்துல, பாறைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்குல ஏழு கிராமங்கள். அதுல முக்கியமானது பூனு. பேசுறவங்க சுமார் 3,500 பேர். தங்களை அவங்க 'பாங்காந்தே'ன்னு சொல்லிக்கிறாங்க. அர்த்தம், 'ஒளிஞ்சவங்க' அல்லது 'மறைஞ்சு இருக்கிறவங்க'. மொழிக்குப் பேரு பாங்கிமே, முழுசா சொன்னா பாங்கெரி-மே. நீங்க யாருன்னு கேட்டா அவங்க பதில் ஒண்ணுதான்: நாங்க டோகான், நாங்க பேசுறதும் டோகான். வீடு கட்டுற விதம், வெள்ளாமை, சடங்குன்னு பார்த்தா வெளி ஆளுக்கு வித்தியாசம் கண்டுபிடிக்கிறது கஷ்டம். ஆனா பக்கத்துல இருக்கிற மத்த டோகான்கள்கிட்ட கேட்டா, "இல்ல, அவங்க எங்க ஆளுங்க இல்ல"ன்னு சொல்றாங்க.

இந்த மொழி ரொம்ப விலகி நிக்குதுன்னு டோகான் மொழிகளை ஒப்பிட்டவங்களுக்கு முன்னாடியே தெரியும். ஆனா 'கொஞ்சம் கோணலான டோகான்'னு ஓரமா எழுதி வெச்சுட்டுப் போயிட்டாங்க. 2005-ல் ரோஜர் ப்ளெஞ்ச் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர்தான், இது டோகானே இல்ல, எந்தக் குடும்பத்தோடவும் சேராத தனிமொழியா இருக்கலாம்னு முதல்ல வெளிப்படையா சொன்னார். சில நைஜர்-காங்கோ வேர்கள் இருக்கு, ஆனா மொத்தமா பார்த்தா மேற்கு ஆப்பிரிக்காவுல வேற எந்த மொழியோடவும் ஒட்டலைங்கிறது அவர் வாதம். டோகான் மொழிகள் அங்க பரவுறதுக்கு முன்னாடி அந்த வட்டாரத்துல பேசப்பட்ட மொழிகள்ல மிச்சம் இருக்கிற கடைசி ஒண்ணா இது இருக்கணும்கிறது அவரோட ஊகம். அந்தப் பரவலுக்கு அவர் போடுற காலக்கணக்கு 3,000-லேர்ந்து 4,000 வருஷம்.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்தணும். டோகான்கள் பாறைக்கு வந்தது சுமார் 15-ம் நூற்றாண்டுன்னு வாய்மொழி வரலாறும் தொல்லியலும் சொல்லுதே, அப்புறம் எப்படி 3,000 வருஷம்? ரெண்டும் வேற வேற கேள்வி. இருபது மொழிகள், அதுல பலதும் பரஸ்பரம் புரியாத அளவுக்குப் பிரிஞ்சு போறதுக்கு ஐந்நூறு வருஷம் பத்தாது. மொழிக் குடும்பம் பழசு, அந்தக் குறிப்பிட்ட பாறைக்கு வந்தது புதுசு. அவ்வளவுதான். ப்ளெஞ்ச் சொல்ற எண்ணைக் கல்வெட்டா எடுத்துக்க வேண்டாம்னுதான் நான் நினைக்கிறேன், ஆனா திசை சரி.

சரி, ஒரு மொழி இன்னொண்ணுக்குச் சொந்தம் இல்லைன்னு எப்படி முடிவு பண்றாங்க? சொல் ஒரே மாதிரி இருந்தா போதாது. ஜன்னலும் அலமாரியும் போர்ச்சுகீசியத்துலேர்ந்து வந்ததால நாம போர்ச்சுகீசியருக்குப் பங்காளி ஆகலை. பாக்க வேண்டியது ஒழுங்கு. பால்-ஹாலு, பல்-ஹல்லு, பத்து-ஹத்து, புலி-ஹுலின்னு தமிழ்ல பகரம் வர்ற இடத்துல கன்னடத்துல ஹகரம் வரிசையா வருது பாருங்க, அந்த வரிசைதான் ரத்த சொந்தத்துக்கு அத்தாட்சி. அதுவும் கண், தண்ணி, நெருப்பு, நான், நீ மாதிரி சாதாரணமா யாரும் கடன் வாங்காத சொற்கள்ல வரணும். டோகான் மொழிகளுக்குள்ள இந்த மாதிரி வரிசைகள் கிடைக்குது. பாங்கிமேவைக் கொண்டுபோய் அதோட பொருத்தினா வரிசை நிக்க மாட்டேங்குது. ஒத்துப்போற சொற்கள் நிறையவே இருக்கு, ஆனா அதெல்லாம் ஜன்னல்-அலமாரி வகையாத் தெரியுது.

இலக்கணமும் கை கொடுக்கலை. டோகான் வினைச்சொல்ல காலம், இடம், எதிர்மறைன்னு விகுதிகள் ரயில் பெட்டி மாதிரி கோத்து வரும். பாங்கிமேல அந்த ரயிலே கிடையாது. அது தனித்தனிச் சொல்லா நிக்கிற மொழி. தாராளமா ஒட்டுற விகுதின்னு பார்த்தா பன்மைக்கு ஒண்ணு, சிறுமைக்கு ஒண்ணு, அவ்வளவுதான். வேடிக்கை என்னன்னா அந்த ரெண்டும் அவங்க பேர்லயே இருக்கு. மக்கள் பேர்ல வர்ற 'ந்தே' பன்மை, மொழிப் பேர்ல வர்ற 'மே' சிறுமை விகுதி. மத்த வேலையை எல்லாம் சொல் வரிசையும் தொனியும் பாத்துக்குது.

அக்கம்பக்கத்து மொழிகளையும் பார்த்துடலாம், ஏன்னா பூனு இருக்கிற இடம் மொழிகளுக்கு ஒரு நாற்சந்தி. மேற்கே நைஜர் நதியோட உள்நாட்டு டெல்டா. அங்க மீன்பிடிக்கிற போசோ மக்கள் பேசுறது மான்டே குடும்பத்து மொழி. மாடு மேய்க்கிற ஃபுலானிகள் பேசுற ஃபுல்ஃபுல்டே, அட்லாண்டிக் கிளை. செனகல்லேர்ந்து சூடான் வரைக்கும் பரவின மொழி அது, மோப்தி வட்டாரத்துல பொதுமொழி மாதிரி. பாங்காந்தேக்களும் வெளி ஆளுங்ககிட்ட பெரும்பாலும் அதைத்தான் பேசுறாங்க. வடக்கே சோங்காய். அதோட குடும்பம் என்னங்கிறதே தனி வழக்கு. போசோவுக்கும் டோகானுக்கும் கேலி உறவு உண்டு. ஒருத்தரை ஒருத்தர் எவ்வளவு வேணா திட்டிக்கலாம், கோவிச்சுக்கக் கூடாது, ஆனா பொண்ணு கொடுத்து எடுக்கக் கூடாது. நம்ம ஊர்ல கேலி பண்ற முறைன்னா கட்டிக்கிற முறை, அங்க நேர் எதிர்!

இந்த எல்லா மொழிகள்லேர்ந்தும் பாங்கிமேல சொற்கள் வந்து சேர்ந்திருக்கு. எதோடவும் அது சேரலை.

இப்ப முக்கியமான கேள்வி. இவ்வளவு வித்தியாசமான மொழியை வெச்சுக்கிட்டு அவங்க ஏன் டோகான்னு சொல்றாங்க? 'ஒளிஞ்சவங்க'ன்னு ஏன் பேர்?

பள்ளத்தாக்கைச் சுத்தி இருக்கிற வரலாறைப் பார்த்தா பாதி விடை கிடைக்குது. ஜென்னே, திம்புக்து சந்தைகளும் சஹாரா வணிக வழிகளும் அந்த வட்டாரத்தைச் சுத்தித்தான். அந்த வழிகள்ல உப்பும் தங்கமும் மட்டும் போகலை, மனுஷங்களும் போனாங்க. அடிமை வேட்டைங்கிறது நூற்றாண்டுக் கணக்கா நடந்த விவகாரம். 1818-ல் சேக்கு அமாது மாசினாவுல ஃபுலானி இஸ்லாமிய அரசை நிறுவி ஹம்தல்லாஹியைத் தலைநகர் ஆக்கினார். 1862-ல் எல் ஹாஜ் உமர் தால் வந்து அதைக் கைப்பத்தினார். அவருக்கு எதிராக் கலகம் கிளம்ப, 1864-ல் பாண்டியகரா பக்கத்துல தெகெம்பெரே என்ற இடத்துல ஒரு குகையில அவர் செத்தார். பெரிய பேரரசரே கடைசியில ஒளியறதுக்கு அந்தப் பாறைக்குத்தான் வந்தார் பாருங்க. அவர் சொந்தக்காரர் திஜானி பாண்டியகராவையே தலைநகர் ஆக்கிக்கிட்டார். 1893-ல் பிரெஞ்சுக்காரங்க புகுந்தாங்க. ஃபுலானிகள் டோகான்களை 'ஹாபே'ன்னு கூப்பிட்டாங்க. காலனிய ஆட்சியின் ஆரம்பகாலப் புத்தகங்கள்லயும் அந்தப் பேருதான் இருக்கும். வெச்சவன் வெச்ச பேரு.

இந்தச் சூழ்நிலையில மூணு பக்கம் பாறை சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு என்னவா இருந்திருக்கும்? அடிமை வண்டிகள்லேர்ந்து தப்பிச்சவங்க தஞ்சம் புகுந்த இடமா இருந்திருக்கலாம்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. அதுல இன்னொரு யோசனையும் ஒட்டிக்கிட்டு வருது. பாங்கிமே ஒரு 'எதிர்மொழி'யா இருக்கலாம்கிறதுதான் அது. வெளி ஆளுக்குப் புரியக் கூடாதுன்னே பேசுற மொழிக்கு 1976-ல் ஹாலிடே என்ற மொழியியலாளர் வெச்ச பேரு அது. திருடர் பாஷை, தரகர் பாஷை மாதிரி. ஸ்கூல்ல 'க' பாஷை பேசினவங்களுக்கு விளக்கவே வேண்டாம்.

எனக்கு இந்த எதிர்மொழி விளக்கம் பாதிதான் ஒத்து வருது. ஏன்னா எதிர்மொழிகள் வழக்கமா இலக்கணத்தைத் தாய்மொழிலேர்ந்து அப்படியே வெச்சுக்கிட்டு, சொல்லை மட்டும் மாத்தும். 'க' பாஷையிலயும் வாக்கிய அமைப்பு தமிழ்தானே? பாங்கிமேல சொல்லும் வேற, எலும்புக்கூடும் வேற. டோகானை மறைச்சுப் பேசினதுல இது வந்திருக்க முடியாது. ஏற்கனவே இருந்த ஒரு தனி மொழி, ஒளிய வேண்டிய காலத்துல மறைவுக்கும் உதவியிருக்குன்னு எடுத்துக்கிட்டா பொருந்துது.

இதே வாதம் இந்தியாவுலயும் நடந்திருக்கு. மகாராஷ்டிரா-மத்தியப் பிரதேச எல்லையில நிஹாலின்னு ஒரு மொழி. ஒரு சில ஆயிரம் பேர் பேசுறாங்க, பக்கத்துல இருக்கிற கொர்க்கு பழங்குடியோட சேர்த்தே ரொம்ப நாள் எண்ணப்பட்டாங்க. கொர்க்கு, மராத்தி, திராவிடச் சொற்களைக் கழிச்சுட்டுப் பார்த்தா அடியில யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மிச்சம் இருக்கு. 1962-ல் குய்ப்பர் என்ற டச்சு அறிஞர் அதைப் பத்தி எழுதினப்ப, இது பழைய மொழியோட மிச்சமா, இல்ல திருடர் பாஷை மாதிரி வேணும்னே உண்டாக்கினதான்னு அவரும் கேட்டார். சின்ன ஜனம், புரியாத பேச்சுன்னா உடனே 'ரகசிய பாஷை'ன்னு சந்தேகப்படுறது எல்லா ஊர்லயும் உண்டு போல.

பாங்கிமேவைப் பதிவு பண்ணின கதைக்கு வருவோம். ஸ்டெஃபான் எல்டர்ஸ்னு ஒரு டச்சு மொழியியலாளர். கேமரூன்-சாட் பக்கத்து முண்டாங் மொழிக்கு இலக்கணம் எழுதினவர். ப்ளெஞ்ச் சொன்னதுக்கு அப்புறம் பாங்கிமேவை முறையா ஆராயணும்னு பூனுவுக்குப் போனார். 2007 பிப்ரவரியில, அந்த ஆராய்ச்சி நடந்துக்கிட்டு இருந்தப்பவே, உடம்பு சரியில்லாமப் போய் மாலியிலேயே இறந்துட்டார். நாப்பது வயசு தாண்டி கொஞ்சம்தான் இருக்கும். ஒரு மொழியைப் பத்தி உலகத்துல அதிகம் தெரிஞ்ச வெளி ஆள் ஒருத்தர்தான் இருக்கார், அவரும் போயிட்டார்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. ப்ராஜெக்டை ஒரே ஆள் தலையில வெச்சிருக்கிற டீம்ல வேலை பார்த்தவங்களுக்கு அந்த பயம் புரியும். ஆனா இங்க போனது ஒரு சர்வர் இல்ல, ஒரு மனுஷன்.

2008-ல் அபி ஹாண்ட்கன் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதே பூனுவுக்குப் போய் வேலையைத் தொடர்ந்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஜெஃப்ரி ஹீத் டோகான் மொழிகளை ஒண்ணொண்ணா ஆவணப்படுத்துற பெரிய திட்டம் ஒண்ணு நடத்திக்கிட்டு இருந்தார். பேரே 'டோகான் மற்றும் பாங்கிமே மொழியியல்'. அந்த 'மற்றும்'லயே விஷயம் இருக்கு :-) 2013-ல் ஹாண்ட்கன் இண்டியானா பல்கலைக்கழகத்துல முனைவர் பட்ட ஆய்வை முடிச்சார். 2018-ல் ஹீத்தும் ஹாண்ட்கனும் சேர்ந்து எழுதின பாங்கிமே இலக்கணம் புத்தகமா வந்தது. மூவாயிரத்துச் சொச்சம் பேர் பேசுற மொழிக்கு முழு இலக்கண நூல்!

அதுக்கப்புறம் வந்த வேலைதான் என்னை மாதிரி கோடு அடிக்கிறவனுக்கு ரொம்பப் பிடிச்சது. யோஹான்-மாத்திஸ் லிஸ்ட்னு ஒரு ஜெர்மன் மொழியியலாளர். மொழி ஒப்பீட்டுக்குன்னே லிங்பைன்னு ஒரு பைத்தான் லைப்ரரி எழுதினவர். ஒவ்வொரு சொல்லையும் ஒலிகளோட வரிசையா எடுத்துக்கிட்டு, டி.என்.ஏ. வரிசைகளைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பொருத்திப் பாக்கிற மாதிரி சொற்களைப் பொருத்திப் பாக்கிறது அது. ஹாண்ட்கனும் லிஸ்டும் சேர்ந்து பாங்கிமே சொற்பட்டியலையும் அக்கம்பக்கத்து மொழிகளோட பட்டியல்களையும் இப்படி ஒப்பிட்டாங்க. 2022-ல் கட்டுரையா வந்தது. கம்ப்யூட்டர் 'இது ரெண்டும் ஒத்துப்போகுது'ன்னு காட்டும், அது கடனா, தற்செயலா, சொந்தமான்னு மனுஷங்க உக்காந்து ஒண்ணொண்ணா பார்ப்பாங்க.

கிடைச்ச முடிவு நான் எதிர்பார்த்ததை விட சுவாரசியமானது.

முதல் முடிவு: தனிமொழின்னு சொன்னது இன்னும் நிக்குது. எந்தக் குடும்பத்தோடவும் ஒழுங்கான வரிசை கிடைக்கலை.

ரெண்டாவதுதான் விஷயம். டோகான் கடன்சொற்கள் ஒரே அடுக்கா இல்லை. ஒரு அடுக்கு, இப்ப பக்கத்துல இருக்கிற டோகான் மொழிகள்லேர்ந்து வந்தது. அது அண்மைக்காலம், அக்கம்பக்கத்துல வாங்கினது. அதுக்கு அடியில, மொழிக்குள்ள ஆழமா வேர் விட்டு இன்னொரு அடுக்கு இருக்கு. அது பக்கத்து டோகான்கள்கிட்டேர்ந்து வந்த மாதிரி இல்ல, கிழக்கே பேசுற டோகான் மொழிகளோடதான் பொருந்துது. அது அடிப்படைச் சொற்கள் வரைக்கும் ஊடுருவியிருக்கு. (அடிப்படைச் சொல்லைக் கடன் வாங்கவே மாட்டாங்கன்னு இல்ல. ஆங்கிலம் 'தே', 'தெம்' ரெண்டையும் வைக்கிங்குகள்கிட்டேர்ந்துதான் வாங்கிச்சு. ஆனா அதுக்கு நெருக்கமான, நீண்ட நாள் பழக்கம் வேணும்.)

இப்ப பாங்காந்தேக்கள் தங்களைப் பத்தி என்ன சொல்றாங்கன்னு பாருங்க. நாங்க கிழக்கேயிருந்து வந்த டோகான்னு சொல்றாங்க.

எனக்கு இந்த இடத்துலதான் மயிர்க்கூச்செறிஞ்சது. மொழியியலாளர்கள் வந்து 'நீங்க டோகான் இல்ல'ன்னு சொல்லிட்டுப் போறாங்க. அதே மொழியியல் கருவி இன்னும் கொஞ்சம் ஆழமாத் தோண்டினதும், அவங்க பாட்டன் சொன்ன கதையில ஒரு உண்மை இருக்குன்னும் சொல்லுது. கிழக்குப் பக்கத்து டோகான்களோட எப்பவோ ரொம்ப நெருங்கி இருந்திருக்காங்க. அந்த மக்கள்ல ஒரு பகுதி தப்பிச்சு இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து, இங்க ஏற்கனவே இருந்தவங்க மொழியை எடுத்துக்கிட்டாங்களா, இல்ல இந்த மொழிக்காரங்களே கிழக்கேயிருந்து நகர்ந்து வந்தவங்களா, ரெண்டுக்கும் இடம் இருக்கு. என் ஓட்டு முதலாவதுக்கு. தஞ்சம் புகுந்தவன் புகுந்த வீட்டு மொழியைத்தான் பேசுவான், ஆனா பொறந்த வீட்டுப் பேரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கிட்டே இருப்பான்.

ஒரு மொழியைப் பார்த்து ஒரு ஜனத்தோட வம்சத்தை முடிவு பண்றவங்களுக்கு இன்னொண்ணும் சொல்லணும். டோகான்களே தங்களைப் பத்திச் சொல்ற கதை என்ன தெரியுமா? நாங்க மான்டே நாட்டுலேர்ந்து, மேற்கேயிருந்து வந்தவங்கன்னு. ஆனா அவங்க பேசுறது மான்டே மொழி இல்லவே இல்லை. வந்த ஊரைச் சொல்றாங்க, மொழி வேற ஒண்ணைச் சொல்லுது. அதுக்காக டோகான்களைப் பார்த்து யாரும் 'நீங்க சொல்றது பொய்'னு சொல்றதில்லை, புராணம், வாய்மொழி வரலாறுன்னு மரியாதையா எழுதுறாங்க. அதே மாதிரி ஒரு கதையை 3,500 பேர் சொன்னா மட்டும் 'பாவம், தெரியாம சொல்றாங்க'ன்னு ஆகிடுது. ஹாண்ட்கனும் லிஸ்டும் கூட, தங்கள் மொழி எந்த டோகானுக்கும் புரியாதுங்கிறதை பாங்காந்தேக்கள் உணர்ந்ததாவே தெரியலைன்னு ஆச்சரியப்பட்டு எழுதுறாங்க. எனக்கு அது அவ்வளவு ஆச்சரியமா படலை. இருபது டோகான் மொழிகள்ல பலதும் பரஸ்பரம் புரியாது. பக்கத்து மலை டோகான் பேசுறது புரியலைன்னா, 'அது அந்த ஊர் டோகான், இது எங்க ஊர் டோகான்'னு நினைக்கிறதுதானே இயல்பு? புரியாததே வழக்கமா இருக்கிற ஊர்ல, புரியாததுங்கிறது ஒரு அடையாளமே இல்லை.

டோகானா இல்லையாங்கிறது இப்ப சும்மா ஆராய்ச்சிக் கேள்வியும் இல்லை. 2012-ல் வடக்கு மாலியில ஆரம்பிச்ச போர் மெல்ல நடுப்பகுதிக்கு இறங்கிச்சு. நிலமும் மேய்ச்சலும் பத்தின பழைய தகராறுகள் ஆயுதம் தூக்கி, டோகான்-ஃபுலானின்னு கோடு கிழிச்சிருச்சு. 2019 மார்ச்ல ஒகோசாகூங்கிற ஃபுலானி கிராமத்துல சுமார் 160 பேரைக் கொன்னாங்க. ஜூன்ல சோபானே தாங்கிற டோகான் ஊர்ல 35 பேர் செத்தாங்க. நூற்றாண்டுக் கணக்கா ஒரே சந்தையில வெங்காயமும் பாலும் மாத்திக்கிட்ட ஜனங்க. ஐ.நா. படையும் 2023-ல் வெளியேறிடுச்சு. இந்த மாதிரி ஒரு ஊர்ல, டோகான்னு சொல்லிக்கிட்டு, டோகான்கள் இல்லைன்னு சொல்ல, வெளியில ஃபுல்ஃபுல்டே பேசிக்கிட்டு வாழுற ஒரு சின்ன ஜனத்தைப் பத்தி 'இவங்க யாரு'ன்னு எழுதுறப்ப, எழுதுறவனுக்குக் கொஞ்சம் கை நடுங்கணும். இலக்கணப் புத்தகம் 2018-ல் வந்திருக்கு, ஆனா அதுக்கான சொற்களையும் கதைகளையும் பெரும்பாலும் சேகரிச்சது அதுக்கு முந்தைய அமைதியான வருஷங்கள்ல. கொஞ்சம் தாமதிச்சிருந்தா அவ்வளவு நாள் அங்க தங்கிப் பதிவு பண்ணியிருக்கவே முடியாது.

2023-ல் மாலி புது அரசியல் சாசனம் கொண்டுவந்து, பிரெஞ்சை ஆட்சிமொழி இடத்துலேர்ந்து இறக்கி, தேசிய மொழிகளை அந்த இடத்துல வெச்சாங்க. நல்ல விஷயம்தான். அந்தப் பட்டியல்ல டோகான் பேர்ல தோரோ சோ இருக்கு, போசோ இருக்கு, ஃபுல்ஃபுல்டே இருக்கு, சோங்காய் இருக்கு. பாங்கிமே இல்லை. பூனுவுல பிள்ளைங்க இன்னும் வீட்டுல அதைத்தான் பேசுறாங்கங்கிறது ஆறுதல். ஆளு குறைவே தவிர, மொழி உயிரோட இருக்குன்னுதான் மொழிக் கணக்கெடுப்புகள் சொல்லுது.

பதிவு ரொம்ப நீளமாயிடுச்சு. நிஹாலி பத்தி மேலே ரெண்டு வரியில தாண்டினது எனக்கே உறுத்துது, அதைத் தனியா எழுதணும். சாட் நாட்டுல லால்னு ஒண்ணு இருக்கு, ரெண்டே கிராமம், ஆயிரம் பேருக்கும் குறைவு, அதுவும் இதே கேஸ்தான். முதல்ல நிஹாலி, அப்புறம் லால்.